பாராசாரிகள் பழகும் முறை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செஞ்சி, இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து எழுந்த கோட்டைக்காக இன்று உலக அளவில் அறியப்படுகிறது; 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற 12 மராட்டியப் படைக்கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே. ஆனால் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களில் செஞ்சி என்றதும் மக்கள் நினைவுக்கு முதலில் வருவது கோட்டைச் சுவர் அன்று. தேசிங்குராசனும் அவன் ஏறிய பாராசாரி என்னும் குதிரையுமே. கதைப்பாடலாகவும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகமாகவும் தெருக்கூத்தாகவும், 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் வழங்கிவந்துள்ள இக்கதையின் தொடக்கமே, எவரையும் முதுகில் ஏறவிடாத குதிரை ஒன்றைப் பற்றியதுதான்.

கதைப்பாடல் கூறுவது இது: தில்லி பாதுசாவிடம் வந்து சேர்ந்த பாராசாரியை அடக்க நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்கள் அழைக்கப்படுகின்றனர், எவராலும் இயலவில்லை, செஞ்சியின் தலைவனும் அழைக்கப்பட்டுத் தோற்றுச் சிறைப்படுகிறான், விவரம் அறிந்த அவன் இளம் மகன் தேசிங்கு தில்லி சென்று, அக்குதிரை மீது ஏறி, அதை அடக்கி, தந்தையை மீட்டு, குதிரையையும் பரிசாகப் பெற்றுத் திரும்புகிறான். வரலாற்று நூல்கள் காட்டும் தேசிங்கின் வாழ்க்கை இதனினும் சுருக்கமானது. எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் செஞ்சி முகலாயர் வசமான பிறகு, புந்தேல இராசபுத்திரரான சொரூப்சிங் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். 1714-இல் அவர் இறந்தபின் மகன் தேஜ்சிங், அதாவது மக்கள் வழக்கில் தேசிங்கு, பொறுப்பை ஏற்றார். நிலுவைத் தொகையும் அதிகாரமும் பற்றிய பூசலில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்கு எதிராகப் போரிட்டு, அதே ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ 22 வயதில் மாண்டார். சில மாத ஆட்சிக்கு முந்நூறாண்டு நினைவு கிடைத்ததில் அவருடைய வாளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அந்தக் குதிரைக்கும் உண்டு.

பாராசாரி தில்லியில் அடங்கியதா இல்லையா என்பது இங்கு ஆராயப்பட வேண்டியதில்லை. முதன்முதலாக முதுகில் ஆள் ஏறுவதை எதிர்க்கும் இளங்குதிரை உண்மையில் எதை எதிர்க்கிறது, அது எப்படிப் பழக்கப்படுகிறது என்பவற்றை அறிந்தவர் கதையில் கவனிக்க வேண்டிய இடம் வேறாக இருக்கிறது: தேசிங்கு ஏறிய ஒரு நாளைக் காட்டிலும், அவனுக்கு முன் ஏற முயன்று தோற்ற பலரே அக்குதிரையைப் பற்றி அதிகம் சொல்கின்றனர். ஒரு குதிரையின் முரட்டுத்தனத்தில் பெரும்பகுதி, முன்னர் அதைக் கையாண்டவர்கள் அதற்குக் கற்றுக்கொடுத்ததாகும்.

குதிரை தமிழகத்தின் சொந்த விலங்கு அன்று. கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டியன் பொன் கொடுத்து அனுப்பியது குதிரை வாங்குவதற்காகவே. அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வரை பாண்டிய நாட்டுக்கும் அதனையடுத்த துறைகளுக்கும் வந்ததாகவும், ஒவ்வொன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதினார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்துபோயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லை என்றும், அப்படிப்பட்டவர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ கூறுகிறார். வணிகர் மீதான அவர் குற்றச்சாட்டில் மிகை இருக்கலாம்; ஆனால் குதிரைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கையேனும் குதிரையை அறிந்தவருக்குச் செலவிடத் தயங்கும் வழக்கம் அக்காலத்தோடு ஒழிந்துவிடவில்லை.

இனி, எதிர்ப்பின் காரணங்கள். குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. புல்வெளியில் ஓடித் தப்பிப் பிழைத்த இனம். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ முழு வட்டத்தையும் அது ஒரே நேரத்தில் காண முடியும். எனினும் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும், தலை நிமிர்ந்திருக்கையில் முதுகின் மேலும், அதன் பார்வைக்கு எட்டாத இடங்கள் உண்டு. சிங்கமும் சிறுத்தையும் பாய்ந்து பற்றுவது அம்முதுகைத்தான். ஆகவே பார்வைக்கு எட்டாத அவ்விடத்தில் திடீரென ஒரு சுமை விழுந்து, அது அசையவும் செய்து, போதாக்குறைக்கு வயிற்றைச் சுற்றி ஒரு வாரும் இறுகும்போது, உதறித் தள்ள முனைவது அக்குதிரையின் இயல்பான தற்காப்பு. அவ்வாறு முதுகை வளைத்துத் துள்ளுவதையோ, முன்னங்கால்களை உயர்த்தி நிமிர்வதையோ, கட்டுக்கடங்காமல் ஓடுவதையோ திமிர் என்று கொள்வது மனிதரின் பிழையான வாசிப்பு.

இரண்டாவது காரணம் வலி. தேர்ந்த பயிற்றுநர் முதலில் ஐயுறுவது இதைத்தான். முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் நோய், பொருந்தாத சேணம் தோள் எலும்பின் பின்புறம் அழுத்துவது, இரைப்பைப் புண், குளம்பில் புண் அல்லது தவறாக அடித்த லாடம் ஆகிய ஒவ்வொன்றும் அடக்கமான குதிரையையும் ஆளை எறியும் குதிரையாக மாற்றிவிடும். வாய்க்கும் இதில் பங்கு உண்டு: குதிரையின் முன் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது இரண்டரை வயதில் தொடங்கி ஐந்து வயது வரை நீள்கிறது, இளங்குதிரைகளுக்குச் சவாரி பழக்கும் பருவமும் பெரும்பாலும் அதுவே ஆதலால், ஈறு நொந்திருக்கும் வாயில் இரும்புக் கடிவாளத்தை இடும்போது தலையை உதறுவது பிடிவாதமாகத் தோன்றுகிறது. கடைவாய்ப் பற்களுக்கு முன் சில குதிரைகளுக்கு முளைக்கும் ஓநாய்ப்பல் என்னும் சிறு பல்லும் கடிவாளம் படும்போது வலியைத் தரக்கூடும் என்பதால், பயிற்சிக்கு முன்பே அதை அகற்றிவிடுவது பல இடங்களில் வழக்கம்.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற கடலோரத்தை அடுத்த வெப்ப நிலப்பகுதிக்கு மேலும் இரண்டு செய்திகள் பொருந்தும். வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றுசேரும் இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பது குறைந்து, உடல் சூடு தணியாமல், சிறிது ஓடியதும் மேல்மூச்சு வாங்கி நகர மறுக்கும் நிலை உண்டாகிறது. வேற்றுத் தட்பவெப்பத்திலிருந்து கொண்டுவரப்பட்டவற்றிடம் இது மிகுதி. குதிரை ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் குருதி ஒட்டுண்ணி நோயோ, இடைவிட்ட காய்ச்சலாலும் சோகையாலும் வலுவை வற்றச் செய்து, பார்ப்பவர் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரியும். இரண்டிலும் சவுக்கு எடுப்பவர் நோயை அடிக்கிறார்.

வயது பற்றிய தெளிவும் வேண்டும். கால் எலும்புகளின் கீழ்ப்பகுதிகள் முதலில் முற்றுகின்றன. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆகலாம். பந்தயத் தொழிலில் இரண்டு வயதிலேயே ஆள் ஏற்றுவது உலகெங்கும் நடைமுறையாக இருப்பினும், பந்தயத்துக்கு அல்லாத குதிரைகளுக்கு மூன்று அல்லது நான்கு வயது வரை பொறுத்து, அப்போதும் குறைந்த நேரமே ஏறுவது நல்லது. ஏறுபவர், சேணம் இரண்டின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு 60 கிலோ என்றால் இங்குள்ள பலரும் சேணம் இன்றியே அந்த வரம்பைக் கடந்துவிடுவர்.

நோயும் வலியும் இல்லை என்று கால்நடை மருத்துவர் கூறியபின் எஞ்சுவது அச்சமும் குழப்பமும். இவற்றைப் போக்கும் வேலை தரையிலேயே தொடங்குகிறது. தலைக்கயிற்றைப் பிடித்தவர் நடந்தால் உடன் நடக்கவும், நின்றால் நிற்கவும், பின்னால் தள்ளினால் பின்வாங்கவும் குதிரை முதலில் கற்க வேண்டும். கயிறு இழுக்கப்படும்போது குதிரை எதையும் கற்பதில்லை. சரியான பக்கம் அது ஓர் அடி வைத்த அக்கணமே இழுப்பு தளரும்போதுதான் கற்கிறது. அழுத்தமும் விடுவிப்பும் என்று அழைக்கப்படும் இம்முறையின் நுட்பம் முழுவதும் விடும் நேரத்தில் இருக்கிறது: ஓரிரு நொடி பிந்தினால் குதிரை வேறு எதற்கோ விடுதலை கிடைத்ததாகக் கொள்ளும், தவறான வேளையில் விட்டால் தவறே பாடமாகும். துள்ளியதும் ஆள் விழுந்து, குதிரை லாயத்துக்கு ஓடிவிட்டதென்றால், துள்ளினால் சுமை நீங்கும் என்ற பாடம் அதற்கு ஒரே நாளில், மறக்க முடியாதபடி, கற்பிக்கப்பட்டுவிட்டது. தில்லியில் பாராசாரியிடம் தோற்ற ஒவ்வொரு வீரனும் இப்பாடத்தை அதற்கு மீண்டும் ஒருமுறை ஓதிச் சென்றவனே.

அடுத்த படி, நீண்ட கயிற்றின் முனையில் குதிரையை வட்டமாக நடத்தியும் ஓட்டியும் குரலுக்குப் பழக்குவது. பின்னர் இரு நீண்ட வார்களைக் கடிவாளத்தில் பூட்டி, பயிற்றுநர் பின்னால் நடந்தபடியே வலமும் இடமும் திருப்பவும் நிறுத்தவும் கற்பிப்பது. இதனால் ஆள் ஏறும் நாளில் குதிரைக்குப் புதிதாக இருப்பது சுமை ஒன்று மட்டுமே. திருப்பும் மொழியும் நிறுத்தும் மொழியும் முன்பே தெரிந்தவை. இடையே சேணம் வருகிறது: முதலில் ஒரு துணி, பின் துணியோடு ஒரு வயிற்றுவார், பின் அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம், இல்லாத சேணம், பின் அங்கவடிகள் விலாவில் தட்டித் தொங்கும் சேணம் என்று ஒவ்வொன்றும் குதிரை அதைப் பொருட்படுத்தாத நிலை வந்த பிறகே அடுத்தது. வாரை ஒரே மூச்சில் இறுக்குவது இக்கட்டத்தில் பலர் செய்யும் தீங்கு. துளை துளையாக, நடுவே சில அடி நடக்கவிட்டு இறுக்குவதே முறை. வார் இறுகியதும் முதுகைக் கூன வளைத்து வெடிக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் இப்படி அவசரமாக இறுக்கப்பட்ட ஒரு நாள் இருக்கும்.

ஆள் ஏறுவதற்கும் படிகள் உண்டு. உயரமான திண்டு ஒன்றின் அருகே குதிரையை நிறுத்தி, ஏறுபவர் அதன் மேல் நின்று, குதிரை தன்னைவிட உயரத்தில் மனித உருவத்தைக் காணப் பழக்குகிறார். சேணத்தைத் தட்டியும் கையூன்றியும் அழுத்தியும் பார்க்கிறார். பின் வயிறு சேணத்தில் படியக் குறுக்காகப் படுத்து, சில நொடிகளில் இறங்கிவிடுகிறார். குதிரை அமைதியாக நின்றபோதே இறங்குவது இங்கு முக்கியம். அமைதிக்கே விடுவிப்பு என்று அது அறிகிறது. குறுக்காகப் படுத்தபடி சில அடி நடத்திச் செல்வது அடுத்தது. அதன் பிறகுதான் காலை மெதுவாக மறுபக்கம் வீசி, பிட்டத்தில் உரசாமல், முதுகில் இடித்து விழாமல், சேணத்தில் இறங்கி அமர்வது. கீழே தலைக்கயிறு பிடித்தவர் நடத்த, மேலே இருப்பவர் முதலில் சுமையாக மட்டும் இருந்து, சிறிது சிறிதாகக் குரலையும் கால் அழுத்தத்தையும் கடிவாள வாரையும் சேர்க்கிறார். ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் போதும். வயதான, சாதுவான குதிரை ஒன்றை முன்னால் விட்டு, அதன் பின்னே இளங்குதிரையை நடத்துவது பெரிதும் உதவும்; இம்மாவட்டத்து உழவர்கள் ஏர் பழகாத காளையைப் பழகிய காளையோடு பூட்டி ஓட்டியதும் இதே அறிவின்பாற்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் எதிர்க்கும் குதிரைகள் உண்டு. துள்ளும் குதிரை தலையைத் தாழ்த்தியே துள்ளும் ஆதலால், ஒரு பக்கக் கடிவாள வாரை மட்டும் சுருக்கி மூக்கைப் பக்கவாட்டில் திருப்பி, சிறு வட்டத்தில் நடக்கவைத்தால் துள்ளலின் வேகம் உடையும். இரு வார்களையும் ஒருசேர இழுப்பது முன்னங்கால் தூக்கும் பழக்கத்தை வளர்க்கும். நிமிர்ந்து எழும் குதிரை மல்லாந்து விழுந்தால் 400 கிலோ எடை ஏறியவர் மீது சாயும் என்பதால், அப்பழக்கம் படிந்துவிட்ட குதிரையை அனுபவமற்றவர் தொடவே கூடாது. எந்தப் படியில் எதிர்ப்பு தோன்றியதோ அதற்கு முந்தைய படிக்கு இறங்கி, அங்கிருந்து மீண்டும் தொடங்குவதே பொதுவான தீர்வு. வென்றே தீரவேண்டும் என்று ஏறுபவருக்கு இவ்வாறு இறங்குவது மானக்கேடாகத் தோன்றும். கதைப்பாடல்களும் திரைப்படங்களும் அவரைக் கெடுத்து வைத்திருப்பதில் வியப்பில்லை.

இவ்வறிவு புதியதன்று. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோன், குட்டி மனிதனைப் பசி தீர்ப்பவனாகவும் ஈ விரட்டுபவனாகவும் அறிய வேண்டும் என்றும், சினத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்றும் வற்புறுத்தினார். அந்நூற்றாண்டிலேயே மாசிடோனியாவின் இளவரசன் அலெக்சாந்தர் எவருக்கும் அடங்காத பியூசிபலசு என்னும் குதிரை மீது ஏறியதாகப் புளூட்டார்க் கூறும் நிகழ்ச்சி, தேசிங்கு கதைக்கு உடன்பிறந்தது போல இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குதிரை தன் நிழலையே கண்டு மிரள்கிறது என்பதை அச்சிறுவன் கண்டுகொண்டான். ஆகவே அதன் முகத்தைக் கதிரவன் பக்கம் திருப்பி, தடவிக்கொடுத்து, சிறிது தொலைவு உடன் ஓடிய பிறகே ஏறினான். காரணத்தை நீக்கியது, தரையில் உடன் நகர்ந்தது, பின் ஏறியது என்ற வரிசை இன்றைய பாடநூலுக்கும் பொருந்தும். 1858-இல் இங்கிலாந்தில், ஆளைக் கடித்துக் கிழிக்கும் குரூசர் என்ற பொலிக்குதிரையைப் பழக்கிக் காட்டிய அமெரிக்கர் ஜான் இராரி, முன்னங்கால் ஒன்றை மடித்துக் கட்டி, குதிரையைக் களைத்துப் படுக்கவைத்து, பின் உடல் முழுதும் தடவிக்கொடுக்கும் முறையைக் கையாண்டார். சாட்டையை விட அது இரக்கமானது என்று அக்காலம் போற்றியது. தப்ப வழியில்லை என்று உணர்ந்த விலங்கு செயலற்று அடங்குவதைப் பழக்கம் என்று கொள்ளலாகாது என்பது இக்காலத்தின் மறுப்பு. மறுப்பே வலுவானது: அவ்வாறு அடங்கிய குதிரை இன்னொரு நாள், இன்னொருவர் கையில், முன்னறிவிப்பின்றி வெடிக்கும்.

இந்நாட்டில் குதிரையின் குணத்தைச் சுழி பார்த்துச் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நெற்றியில், கழுத்தில், மார்பில் மயிர் சுழலும் இடத்தைக் கொண்டு உடையவனுக்கு நன்மை தீமை கணித்தனர். உடையவனின் விதியைச் சுழியில் தேடுவது வீண். நெற்றிச் சுழியின் இடத்துக்கும் மிரளும் தன்மைக்கும் தொடர்பு உண்டா என்று மாடுகளிலும் குதிரைகளிலும் ஆய்வுகள் நடந்துள்ளன என்றாலும், ஒரு குதிரையை வாங்கவோ தள்ளவோ போதுமான சான்றாக அதைக் கொள்ள முடியாது. சுழி தேடும் கண் சேணத்தின் கீழே வெள்ளை மயிர் முளைத்த தழும்பைத் தேடினால் அக்குதிரையின் கடந்தகாலத்தை உறுதியாகப் படிக்கலாம்.

இன்று விழுப்புரம் மாவட்டத்தில் மிகுதியாகக் காணக்கூடிய குதிரைகள், ஊர் எல்லை அய்யனார் கோயில்களில் நிற்கும் சுடுமண், சுதைக் குதிரைகளே. உயிருள்ளவற்றில் சில திருவிழா, திருமண ஊர்வலங்களில் நடக்கின்றன. வானூர் வட்டத்தைச் சார்ந்த ஆரோவில்லில் குதிரையேற்றப் பள்ளி ஒன்று இயங்குகிறது. ஊர்வலக் குதிரைகளின் நிலையே கவலைக்குரியது: முறையாகப் பழகாத இளங்குதிரையைப் பட்டாசும் மேளமும் வண்ண விளக்கும் நிறைந்த தெருவில், சேணம் அறியாத மாப்பிள்ளையை ஏற்றி நிறுத்துவது, அதன் அச்சங்களையெல்லாம் ஒரே மாலையில் ஒன்றுசேர்ப்பதாகும். குதிரை மிரண்டு ஓடினால் செய்தி குதிரையைக் குற்றம் சாட்டும்.

இளங்குதிரை வாங்க எண்ணுவோரும், ஏறவிடாத குதிரையை வைத்திருப்போரும் செய்ய வேண்டிய முதல் வேலை, பயிற்றுநரைத் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரைத் தேடுவது. குதிரைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் இல்லையெனில், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியோ, 1903 முதல் இயங்கும் சென்னை வேப்பேரிக் கல்லூரியோ எட்டாத தொலைவில் இல்லை. வாய், முதுகு, குளம்பு, குருதி நான்கையும் சோதித்து, சேணம் பொருந்துகிறதா என்றும் பார்த்த பிறகு, தலைக்கவசம் அணிந்து, கீழே கயிறு பிடிக்க ஒருவரை நிறுத்தி, வெயிலேறுமுன் காலையில் பயிற்சியைத் தொடங்குங்கள். தனியாக ஒருபோதும் ஏறாதீர்கள்.